வேலையை விடுவதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். குன்னூரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டு இரண்டு மாதங்களாகச் செவிலியராக இருக்கிறேன். கைக்கு வருவது 24,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். கணவர் மத்திய அரசு ஊழியர், அவருக்கு 48,000 ரூபாய் வருகிறது. மூத்தவனுக்கு மூன்றரை வயது, இளையவளுக்குப் பதினொரு மாதம். மாமியாருக்கு மூட்டு வலி என்பதால் இருவரையும் காப்பகத்தில் விட்டிருக்கிறோம். அதற்கே மாதம் 10,500 ரூபாய் ஆகிறது. மிச்சம் 13,500 ரூபாய்க்காக நான் ஏன் அலைய வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். வரிச் சலுகை ஏதாவது கிடைக்குமா, அல்லது வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பனி விலகாத காலையில் இரண்டு குழந்தைகளுக்கும் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகக் கொண்டுபோய்க் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடும் உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், குடும்பத்தில் உங்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு தவறானது. காப்பகக் கட்டணம் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்க வேண்டிய செலவு அன்று. குழந்தைகள் உங்கள் இருவருக்கும் சொந்தம் என்பதால், 72,000 ரூபாய்க் குடும்ப வருமானத்தில் 10,500 ரூபாய் என்றுதான் அதை எழுத வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டத்தில், இரண்டு குழந்தைகள் வரை, மழலையர் பள்ளிக் கல்விக் கட்டணத்தையும் சேர்த்து 1,50,000 ரூபாய் வரம்புக்குள் கழித்துக்கொள்ளும் சலுகை பழைய வரி முறைக்கு மட்டுமே உரியது. புதிய முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நீங்கள் இருவருமே அந்த வரம்புக்குள் இருப்பதால், கட்டாத வரியில் சலுகை தேடிப் பயனில்லை.

உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி மருத்துவமனையிலேயே இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும்; தாய் ஒரு நாளில் நான்கு முறை, தன் ஓய்வு நேரத்தையும் சேர்த்து, அங்கே சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே விதி உள்ளது. ஐம்பது என்பது பெண்களின் எண்ணிக்கை மட்டும் அன்று. மருத்துவமனையில் வேலை செய்யும் ஆண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இது தவிர, குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, பாலூட்டுவதற்கென நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உங்களுக்கு உண்டு. இளையவளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

நம் மலைக்கு இது புதிதும் அன்று. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே, 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆயாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிப் பாலூட்டி மறுபடி மலை ஏறிய பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தேயிலை பறித்தவர்களுக்கு அன்றே எழுதப்பட்ட உரிமையை, ஊருக்கே நோய் பார்க்கும் செவிலியர் இன்று கேட்கத் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனியாகக் கேட்காதீர்கள். சிறு குழந்தை உள்ள மற்ற செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டு, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கி வையுங்கள். இடமில்லை என்று சொன்னால், அருகிலுள்ள மற்றொரு நிறுவனத்துடன் சேர்ந்து பொதுவாக நடத்தவும் வழியுண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பதிலே வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். குன்னூரில் காப்பகம் அமைந்தால், தினமும் குழந்தையைப் பேருந்தில் கொண்டுபோக வேண்டுமே என்ற கவலை நியாயமானதே. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து பாதை அடைபடும் நாளில், பால்குடிக் குழந்தை உங்கள் பக்கத்தில் இருப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

மூத்தவனுக்கான வழி உங்கள் கணவரின் அலுவலகத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்குரிய குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் மாதம் 2,812.50 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 33,750 ரூபாய். காப்பக ரசீதுக்கு அது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தால் கிடைக்கும். நிதியாண்டு முடிந்ததும் பள்ளித் தலைமையாசிரியரின் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள்: மதிய உணவும் முன்பருவக் கல்வியும் அங்கே இலவசம். அது மூடும் நேரத்திலிருந்து நீங்கள் வந்து சேரும் வரை மட்டும் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஒருவரை ஏற்பாடு செய்தால், நாள் முழுவதற்கும் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்காது. மத்திய அரசின் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெண் ஊழியருக்கும் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும்தான் என்பதால், உங்கள் கணவருக்குப் பொருந்தாது. அது எனக்கு வருத்தமே.

ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. பணிக்கொடை பெற ஐந்து ஆண்டு நிறைய வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு அது சுமார் 43,000 ரூபாய் வரும். வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகம் மாதந்தோறும் செலுத்தும் 1,800 ரூபாயும் வேலையோடு நின்றுவிடும். இந்த இரண்டு தொகையும் 13,500 ரூபாய்க் கணக்கில் சேரவே இல்லை. ஆகவே, நிர்வாகத்துக்கு நீங்கள் இந்த வாரம் எழுத வேண்டியது காப்பகம் கேட்கும் கடிதம்தான். அவர்கள் தரும் பதிலை எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.