ஆயிரம் நோடு (சிக்னல் அனுப்பி வாங்கும் கருவி) போட்டால் வயர்லெஸ் சிமுலேஷன் நகரவே மாட்டேன் என்கிறது. இன்டர்ஃபியரன்ஸ் (ஒருவர் சிக்னலில் மற்றவர் சிக்னல் குறுக்கிடுவது) கணக்கை வேகமாக்க என்ன வழி?

நூறு நோடு வரைக்கும் ஒழுங்காக ஓடியிருக்கும். ஆயிரமாக்கி ராத்திரி ஓடவிட்டு, காலையில் வந்து பார்த்தால் சிமுலேஷன் கடிகாரம் மூன்றாவது விநாடியைத் தாண்டியிருக்காது. சரிதானே? அந்த வயிற்றெரிச்சலை நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் சுலபமானது. நோடுகள் நகரவில்லை என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் பாத் லாஸை (வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதை) ஒரே ஒரு முறை கணக்கிட்டு அட்டவணையில் போட்டுவிடுங்கள். ஆயிரத்துக்கு ஆயிரம், டபுளில் (எண்ணுக்கு 8 பைட்) 8 எம்பிதான். நகர்ந்தால், நகர்ந்த நோடின் வரிசையையும் நெடுவரிசையையும் மட்டும் புதுப்பித்தால் போதும். ரிசீவரில் வந்துசேரும் பவர்களின் கூட்டல் எல்லாம் மில்லிவாட்டில் நடக்கட்டும். டிபிஎம் (அதே பவரின் லாக் அளவு) என்பது கடைசியில் அச்சடிக்க மட்டும்.

அடுத்து எல்லாரும் சொல்வது, 'தூரத்தில் இருப்பதை வெட்டிவிடு'. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நானும் வெட்டினேன். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் வெப்ப இரைச்சல் -101 டிபிஎம். அதற்குக் கீழே வருவதெல்லாம் எதற்கு என்று தூக்கிப் போட்டேன். புரோகிராம் பறந்தது. த்ரூபுட்டும் (விநாடிக்கு ஒழுங்காகப் போய்ச்சேரும் டேட்டா) ஜோராக ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றும் -105 ஆக இருந்தாலும், நூறு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் கூட்டுத்தொகை -85. இரைச்சலைவிட 16 டெசிபெல் மேலே! அத்தனையையும் குப்பை என்று ஒதுக்கியிருந்தேன். அதிலும் பாத் லாஸ் அடுக்கை (தூரத்தின் எத்தனையாவது அடுக்கில் சிக்னல் தேய்கிறது என்பதை) 2 என்று வைத்திருந்தால், தூரத்து வளையங்களின் கூட்டு அடங்கவே அடங்காது. 4 என்றால் சீக்கிரம் அடங்கும். ஆகவே வெட்டாதீர்கள். பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களை நோடு நோடாகவும், தூரத்துக் கட்டம் ஒவ்வொன்றையும் அதிலுள்ளவர்களின் மொத்த பவரோடு அதன் நடுவில் நிற்கும் ஒரே டிரான்ஸ்மிட்டராகவும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு கூத்தும் செய்தேன். ஒவ்வொரு ரிசீவரிலும் ஒரு ஓடும் கூட்டுத்தொகை: பாக்கெட் தொடங்கினால் கூட்டு, முடிந்தால் கழி. யோசனையில் தப்பில்லை. மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை ஃப்ளோட்டில் (எண்ணுக்கு 4 பைட்தான், துல்லியம் குறைவு) வைத்ததுதான் தப்பு. பக்கத்து நோடு -30 டிபிஎம்மில் கேட்கும்போது ஃப்ளோட்டின் கடைசி பிட்டே ஏறக்குறைய -99 டிபிஎம்; அதைவிடச் சின்னது சரியாகப் பதியாது. யாருமே அனுப்பாத சேனலில் எதிர்மறை மில்லிவாட் மிஞ்சி நின்றது. அதற்கு லாக் எடுத்தால் கம்ப்யூட்டர் 'எண் அல்ல' (Not a Number) என்பதைச் சுருக்கி 'நான்' (NaN) என்கிறது. ஃபைல் முழுக்க நான், நான், நான். குற்றவாளி தானாகவே கையைத் தூக்கிய மாதிரி இருந்தது. டபுளுக்கு மாறினேன், அனுப்புபவர் எண்ணிக்கை பூஜ்யமானால் கூட்டுத்தொகையையும் பூஜ்யமாக்கினேன். அன்றோடு ஒழிந்தது.

'ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வாங்கினால் முடிந்தது' என்று கமெண்டில் ஒருவர் வருவார். தாராளமாக வாங்கலாம். தப்பான கூட்டுத்தொகை இன்னும் சீக்கிரம் வரும். நான் ஜிபியுவுக்கு எதிரி இல்லை, அந்தச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள்.

திருத்திய பிறகு த்ரூபுட் கோடு சரிந்தது. நெறியாளரிடம் காட்டினேன். "பழைய கிராஃபே பார்க்க நல்லா இருந்துச்சேப்பா" என்றார். சரி, புதிதாக எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று நான்கு நாள் ஓடவிட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் யாரோ ஒரு புண்ணியவான், ஓடும் வேலை ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் லேப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தார். யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.