சிஸ்டரம்மாவைக் கேளுங்க: மலேரியாவைச் சபையில் சொல்லலாமா?

கேள்வி: சிஸ்டரம்மாவுக்கு வணக்கம். என் மகள் நர்ஸ். சபை ஊழியக் குழுவோடு மூன்று மாதத்துக்கு உகாண்டா போயிருக்கிறாள். ஜிஞ்சா பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிளினிக்கில் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை எழுப்பி, மகளைப் பற்றிச் சொல்லச் சொல்வார். போன வாரம் அவளுக்கு மலேரியா. இப்போது எழுந்து நடமாடுகிறாள். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, ஆயா பயந்துடும்" என்கிறாள். நானும் "கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது பொய்தானே? வேறு சொல்லவும் எதுவும் இல்லை. ஏரிக்கரையில் பொடி மீன் காயவைக்கிற போட்டோதான் அனுப்புகிறாள். அதையா சபையில் சொல்வது?
- வாசகி, காசிமேடு

பதில்: பொய்தான், தங்கச்சி. அதுக்காகச் சோத்துல கோவத்தைக் காட்டாதே.

முதல்ல ஜுரத்தைப் பேசிடுவோம். ரிட்டயர் ஆனாலும் நர்ஸ் புத்தி போகலை. ராயபுரத்துல நான் வேலை பார்த்த காலத்துல மலேரியா தினம் பார்த்த நோய். மாடித் தொட்டியை மூடாம விட்டிருப்பாங்க, வீட்டோட நடுங்கிக்கிட்டு வருவாங்க. நம்ம சென்னையில வர்றது பெரும்பாலும் வைவாக்ஸ்ங்கிற மலேரியா வகை. ஆளைப் படுத்தி எடுக்கும், ஈரல்ல ஒளிஞ்சிருந்து மாசம் கழிச்சுத் திரும்பவும் வரும், ஆனா உயிரை எடுக்கிறது அபூர்வம். உகாண்டாவுல பெரும்பாலும் ஃபால்சிபாரம்ங்கிற வகை. நாள் கடத்தினா மூளைக்கு ஏறிடும். அதுக்கு அங்க ஆர்ட்டிமீதர், லூமிஃபான்ட்ரின் ரெண்டும் சேர்ந்த மாத்திரை கொடுப்பாங்க. 3 நாள், மொத்தம் 6 வேளை. ரெண்டாம் நாள் ஜுரம் விட்டதுமே நிறைய பேர் மாத்திரையையும் விட்டுடுவாங்க. ஆறு வேளையும் போட்டாளான்னு கேளு. பாலோ, எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ சாப்பிட்டுட்டுப் போட்டாளான்னும் கேளு. வெறும் வயித்துல போட்டா அந்த மருந்து உடம்புல சரியா சேராது. அவளே நர்ஸாச்சேன்னு விட்டுடாதே. எங்களை மாதிரி மோசமான நோயாளிங்க கிடையாது.

இப்ப சபை விஷயத்துக்கு வர்றேன். உன் பைபிள்ல பிலிப்பியர் 2-ம் அதிகாரத்தை எடு. எப்பாப்பிரோதீத்துன்னு ஒருத்தர். பவுலுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு பிலிப்பி சபை அனுப்பின ஆள். போன இடத்துல சாகக் கிடந்தார். தான் படுத்த சேதி ஊருக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு கிடந்து தவிச்சார், அப்படியே உன் மக மாதிரி. பவுல் அதை மூடி மறைக்கலை. சாவுக்குக் கிட்டப் போனது நிஜம்தான்னு கடுதாசியிலேயே எழுதி, பிழைச்சதையும் எழுதி, ஆளையும் திருப்பி அனுப்பி வச்சார். ஊழியத்துக்குப் போனவங்களைப் பத்தி எப்படிச் சேதி சொல்றதுன்னு அதுக்கு மேல யார் உனக்குக் கத்துக் கொடுக்கணும்?

ஆனா அந்த ஜுரம் அவளோடது. அவ சம்மதம் இல்லாம மைக்குல சொல்லாதே. "பாப்பா, நான் பொய் சொல்லமாட்டேன், எதைச் சொல்லட்டும்னு நீயே சொல்லு"ன்னு கேளு. அதுவும் நம்ம ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கேளு. விடியக்காலை ஜெபத்துக்கு எழுந்த கையோட அஞ்சு மணிக்குப் போன் அடிச்சா அங்க நடுராத்திரி ரெண்டரை. சரின்னு சொன்னான்னா, முதல்ல ஆயா பக்கத்துல உட்கார்ந்து வீட்டுல சொல்லிடு. அவங்க சபையில வச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. 2004-ல கடல் உள்ள வந்ததைப் பார்த்த காசிமேட்டு ஆயா, மலேரியாவுக்கா மிரளப் போறாங்க? மக சம்மதிக்கலைன்னா, "அவ உடம்புக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு நிறுத்திக்கோ. அது பொய்யில்லை. 'விசுவாசம் குறைஞ்சதால வந்த ஜுரம்'னு யாராவது ஆரம்பிச்சா, கொசு அதெல்லாம் பார்த்துக் கடிக்கிறதில்லைன்னு நான் சொன்னதா சொல்லு.

அந்த மீன் போட்டோவைப் போய் ஒண்ணும் இல்லைங்கிறியே! அதைத்தான் சொல்லணும். அந்தப் பொடி மீனை அங்க முக்கேனேன்னு சொல்வாங்க. நிலா இல்லாத ராத்திரியில விக்டோரியா ஏரியில விளக்கு வச்சு அள்ளிட்டு வந்து, விடிஞ்சதும் கரையில பரப்பிக் காயவைப்பாங்க. பார்க்க நம்ம நெத்திலியேதான். உங்க சபையில வலைக்குப் போற வீடு எத்தனை இருக்கும்! 'அங்க கிலோ என்ன விலை போவுது'ன்னு உன்னைச் சுத்திக்குவாங்க. ஜெபிக்கும்போது அந்தக் கரை கண்ணு முன்னால நிக்கும்.

இன்னொண்ணு. 'இருளில் இருக்கிற ஜனத்துக்கு வெளிச்சம் கொண்டு போயிருக்கா'ன்னு யாராவது பேசினா ஆமென் போட்டுடாதே. உகாண்டாவுல பத்துல எட்டுப் பேருக்கு மேல கிறிஸ்தவங்க. முதல் மிஷனெரிங்க அங்க போனது 1877-ல. பத்து வருஷத்துக்குள்ளேயே விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த அந்த ஊர்ப் பிள்ளைங்க நினைவா, ஜூன் 3 அங்க அரசு விடுமுறை. உன் மக போயிருக்கிறது அவங்களோட சேர்ந்து ஊசி போட, கட்டுக் கட்ட.

கிளினிக்குக்கு வர்ற குழந்தைங்க போட்டோவை மட்டும் குடும்ப வாட்ஸ்அப்புல போடாதே. உன் பேரன் மூக்கொழுக ஜுரத்தோட நிக்கிற படம் ஜிஞ்சாவுல யார் போன்லயாவது இருந்தா நீ விடுவியா?

கேள்வி: கென்யாவுக்கு ஊழியத்துக்குப் போன என் தம்பி அடுத்த வாரம் திரும்புகிறான். இங்கே ஏர்போர்ட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்களா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கேட்பாங்க, தம்பி. அந்த நோய் நம்ம நாட்டுல இல்லை, ஆனா அதைப் பரப்புற ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கு. அதான் இத்தனை கெடுபிடி. அட்டை இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஊசி போட்ட 10-ம் நாள்ல இருந்து அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். போகும்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல போட்டிருந்தார்னா, அந்த அட்டையைப் பெரிய பெட்டிக்குள்ள திணிக்காம பாஸ்போர்ட்டோட வச்சுக்கச் சொல்லுங்க. மலேரியா வராம இருக்க டாக்ஸிசைக்ளின் சாப்பிடுறார்னா, ஊருக்கு வந்த பிறகும் 4 வாரம் விடக் கூடாது. அப்புறம் மாசக்கணக்குல கழிச்சு ஜுரம் வந்தாலும், டாக்டர்கிட்ட வாயைத் திறந்ததும் 'கென்யா போயிருந்தேன்'னு சொல்லச் சொல்லுங்க.