கடலில் கிடப்பதெல்லாம் எடுத்தவனுக்குச் சொந்தமா?

ஃப்ளாட்சம், ஜெட்சம் என்று ஜோடியாகவே சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா, அப்படி ஒதுங்கியதை நாம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரையில் எதையோ கண்டெடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கீழக்கரைப் பக்கம் வள்ளத்தில் தொழில் செய்கிற குடும்பம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு நிறையவே சொல்ல இருக்கிறது.

இரண்டும் ஒன்று இல்லை. கப்பல் மூழ்கியோ உடைந்தோ தானாக மிதந்து வருகிற சரக்கு ஃப்ளாட்சம். மிதப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. ஜெட்சம் என்பது கப்பல் தப்பட்டும் என்று பாரத்தைக் குறைக்க ஆட்களே தூக்கி எறிந்தது, ஜெட்டிசன் என்ற சொல் தேய்ந்து அப்படி ஆனது. இந்த ஜோடியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதாக லேகன் என்று ஒன்று உண்டு. எறிகிற பொருள் கனம், மூழ்கிவிடும், அதனால் திரும்ப வந்து எடுக்க மிதவை கட்டிப் போடுவது. 1601-இல் இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் வழக்கில் இந்த மூன்றையும் பிரித்தே எழுதி வைத்தார்கள். மீட்கும் நம்பிக்கையே இல்லாமல் கைவிட்டது டெரிலிக்ட், அது நாலாவது.

லேகன் எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம், கச்சான் காற்று திடீரென்று ஏறி வள்ளத்துக்குள் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அப்பா நனைந்த நண்டு வலையை மொத்தமாகக் கடலில் இறக்கிவிட்டார். சும்மா விடவில்லை, கயிறு போட்டு, எங்கள் அடையாளம் எழுதிய வெள்ளை கேனைக் கட்டித்தான் விட்டார். காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தால் கேனும் இல்லை, வலையும் இல்லை. விசாரித்ததில் பக்கத்து ஊர் வள்ளத்தில் இருந்தது. "கடல்ல கிடந்துச்சுண்ணே, எடுத்தோம்" என்றார்கள். ரெண்டு ஊரும் கூடியது. தலைவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கேன் கட்டியிருந்துச்சா, இல்லையா?" கட்டியிருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். "அப்ப அது கிடக்கலப்பா, போட்டு வச்சிருக்கு" என்றார். வலை திரும்பி வந்தது. அவர்கள் இழுத்துக் கரை சேர்த்த செலவுக்கு அப்பா டீசல் காசு கொடுத்தார்.

சட்டமும் இதையேதான் சொன்னது. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் (2025-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள்) மிதந்தது, மூழ்கியது, மிதவை கட்டி விட்டது என எல்லாமே 'ரெக்' என்ற ஒரே வகைக்குள் வந்தது. கண்டெடுத்தவர் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து கேட்கலாம், மீட்டவருக்குக் கூலி உண்டு என்று அதில் இருந்தது. ஓராண்டுக் கணக்கு பழசு. 1275-இலேயே இங்கிலாந்தில் கப்பலில் இருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினால் சரக்கை ஓராண்டும் ஒரு நாளும் உரிமையாளருக்காகப் பத்திரமாக வைக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். "படிக்காத மீனவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்" என்று கீழே யாராவது எழுத வருவீர்கள். எங்கள் தலைவர் எந்தச் சட்டத்தையும் படித்ததில்லை, ஆனால் சரியாகச் சொன்னார். கடற்கரைக்காரன் என்றாலே ஒதுங்கியதை அள்ளிக்கொண்டு ஓடுகிறவன் என்று பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். கப்பல் சரக்குக்கு இத்தனை சொல், இத்தனை சட்டம் இருக்கிறது. மிதவையும் கொடியும் கட்டி நாங்கள் போட்ட வலையை இரவில் விசைப்படகு அறுத்துக்கொண்டு போனால் என்ன இருக்கிறது? புகார் கொடுக்கப் போன இடத்தில் வலைக்கு பில் கேட்டார்கள். நூலும் ஈயமும் தனித்தனியாக வாங்கி அம்மாவும் அத்தையும் உட்கார்ந்து கோத்த வலைக்கு யார் பில் போடுவார்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்டெடுத்தது எதுவானாலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093-இல் சொல்லுங்கள். டிரம்மோ கன்டெய்னரோ என்றால் கிட்டேயே போகாதீர்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலில் 12 கன்டெய்னரில் கால்சியம் கார்பைடு இருந்தது, அது தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் வாயுவை விடும்.