அம்மாவைக் கவனிக்க நர்ஸா, ஆயாவா?

கேள்வி: பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்த என் அம்மா (வயது 76) இன்னும் சில நாட்களில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரவிருக்கிறார். பேச்சு குழறுகிறது; உணவு மூக்குக் குழாய் வழியாகத்தான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். 24 மணி நேர நர்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள் நர்ஸ், ஆயா அனுப்பும் ப்யூரோவில். அந்தத் தொகை எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல். ஆயா போதுமா? காப்பீட்டில் இந்தச் செலவு கிடைக்குமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ப்யூரோ சொல்வதை விட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டு நர்ஸிடம் கேட்டு அதை மணிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். குழாயில் உணவு கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது ஆகியவற்றை முறையாகக் கற்றுக்கொண்ட, அனுபவமுள்ள ஆயா நன்றாகவே செய்வார். குழாயை மாற்றுவதும், ஊசி போடுவதும், புண்ணுக்கு மருந்து கட்டுவதும் மகாராஷ்டிரா நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸின் வேலை. இவை அன்றாடம் தேவைப்படாதபோது, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேசி நர்ஸை வரவழைத்தால் போதும். தொண்டையில் துளையிட்டுச் சளி உறிஞ்ச வேண்டிய நிலை இருந்தால் மட்டும், செலவைப் பார்க்காமல் நர்ஸையே அமர்த்துங்கள்.

மிஞ்சும் பணத்தை பிசியோதெரபிக்கு ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். இழந்த அசைவு திரும்புவதில் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நடக்கிறது. அந்த மாதங்கள் கழிந்த பிறகு எவ்வளவு செலவழித்தாலும் முன்னேற்றம் மெதுவாகவே இருக்கும். பேச்சுப் பயிற்சி நிபுணரையும் பாருங்கள். விழுங்கும் திறனைச் சோதித்து, குழாயை எப்போது எடுக்கலாம் என்று மருத்துவருக்குச் சொல்லக்கூடியவர் அவர்.

24 மணி நேர டியூட்டி என்பது பெரும்பாலும் ஒரே பெண் இரவும் பகலும் இருப்பதுதான். இரவெல்லாம் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவர் பகலில் கண்ணயர்ந்தால் அவர்மேல் குற்றமில்லை. உங்களால் இரவைப் பகிர்ந்துகொள்ள முடியுமானால் 12 மணி நேரப் பகல் ஆயா போதும்; முடியாவிட்டால் இரண்டு ஷிப்டுக்கு இருவர் வேண்டும். நீங்கள் கொடுப்பதில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று ப்யூரோவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கையில் குறைவாகக் கிடைத்தால் அவர் வேறு வீடு தேடிப் போய்விடுவார். அம்மாவோ மாதாமாதம் புதுமுகத்துக்குப் பழக வேண்டியிருக்கும். வார விடுமுறை, மாற்று ஆள், சாப்பாடு, முன்பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது பெறுங்கள். அடையாளச் சான்றின் நகலை உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

காப்பீட்டை நம்பி ஆள் வைக்க வேண்டாம். வழக்கமான மருத்துவமனைக் காப்பீட்டில் ஆயாவின் சம்பளம் சேராது. 70 வயது கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையின் 5 லட்சம் ரூபாயும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாட்கள் வரை மருந்து, பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. ஆகவே பில்களைத் தேதி வாரியாக வைத்திருங்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவராக நீங்கள் இருந்து, அம்மா உங்களைச் சார்ந்திருந்தால், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்தில் கழிவு உண்டு. அதற்கு அரசு மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் தேவை.

பேச்சு குழறும் அம்மா தமிழில் கேட்பது, மராத்தியோ இந்தியோ பேசும் ஆயாவுக்குப் புரிய வேண்டும். வலி, குளிர், தண்ணீர், கழிப்பறை போன்ற சொற்களைத் தேவநாகரியில் எழுதி, படத்தோடு கட்டிலருகே ஒட்டுங்கள். உணவு கொடுக்கும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமாவதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். படுத்த நிலையில் கொடுத்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம். முடிந்தால் அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே ஆயாவை இரண்டு நாள் அங்கே வரச் சொல்லி, வார்டு நர்ஸின் கண்முன்னே எல்லாவற்றையும் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் சம்பளத்தையும் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.