300 பேரின் மெயில் பெட்டிகளையும் பயனர் கணக்குகளையும் புதிய டொமைனுக்கு ஒரே வார இறுதியில் மாற்ற முடியுமா?

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டன, 300 பேரின் விண்டோஸ் கணக்குகளும் மெயில் பெட்டிகளும் புதிய டொமைனுக்கு (கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) போக வேண்டும், மெயில் முகவரி மட்டும் மாறக் கூடாது, சனி ஞாயிறுக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச்தான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த இரண்டு நாளில் கடைசிப் படியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சில வாரம் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் இந்த வேலையை முதல்முறை செய்தபோது, மெயில்கள் ஒன்றுவிடாமல் போய்ச் சேருவதுதான் பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஒவ்வொருவரின் பெட்டியையும் பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள் மெயில்களைச் சேமிக்கும் கோப்பு) எடுத்துப் புதிய பக்கத்தில் ஏற்றினோம். எண்ணிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. திங்கள் காலை அலுவலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. வெளியாட்களுக்கு மெயில் போகிறது. பக்கத்து மேஜையில் இருப்பவருடைய பழைய மெயிலுக்குப் பதில் போட்டால் ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திரும்பி வருகிறது.

காரணம் இதுதான். ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் இருப்பவர்களுக்கு மெயில் அனுப்பும்போது அவுட்லுக் நாம் பார்க்கும் மெயில் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன் என்று ஒரு நீளமான உள்முகவரி உண்டு, அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. பழைய மெயில்களிலும், காலண்டர் அழைப்புகளிலும், இரண்டு எழுத்து தட்டினால் பெயரை நீட்டுகிற பட்டியலிலும் அதுவே பதிந்திருக்கும். புதிய பக்கத்தில் பெட்டி உருவாகும்போது இந்த உள்முகவரி வேறாகிவிடுகிறது. திரும்பி வந்த மெயிலில் ‘ஐஎம்சிஇஏஇஎக்ஸ்’ என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் இதே சிக்கல்தான் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொருவரின் பழைய உள்முகவரியையும் அவருடைய புதிய பெட்டியில் எக்ஸ்500 வகைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்தால் சரியாகிவிடும். எக்ஸ்சேஞ்சோடு வரும் ‘பிரிப்பேர் மூவ் ரிக்வெஸ்ட்’ ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினால் இதை அதுவே செய்துவிடும். பிஎஸ்டி வழியில் போனால் நீங்கள்தான் செய்ய வேண்டும். எந்த வழியில் போனாலும், பழைய பக்கத்திலுள்ள எல்லோருடைய உள்முகவரியையும் இன்றைக்கே ஒரு கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள். குழு முகவரிகளையும் பொதுப் பெட்டிகளையும் விட்டுவிட வேண்டாம்.

உங்கள் நிலையில் நான் பிஎஸ்டி பக்கமே போகமாட்டேன். மூவ் ரிக்வெஸ்ட், அதாவது பெட்டியை நகர்த்தச் சொல்லி எக்ஸ்சேஞ்சுக்கே கொடுக்கும் கட்டளை, போட்டால், ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் பெட்டி நகலாகும். ஏறக்குறைய 95 சதவீதம் வந்ததும் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அப்புறம் சனிக்கிழமை இரவு மிச்சத்தை மட்டும் முடித்தால் போதும். இதை மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். மிகப் பெரிய இணைப்புள்ள மெயிலும், சிதைந்துபோன காலண்டர் பதிவும் ஏதாவது சில பெட்டிகளில் நிச்சயம் மாட்டும். அவற்றை நிதானமாகப் பார்க்க நேரம் வேண்டும்.

மெயில் பெட்டிகளுக்கு முன்னால் கணக்குகள் தயாராக இருக்க வேண்டும். விண்டோஸ் கணக்கு ஒவ்வொன்றுக்கும் எஸ்ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. பகிர்ந்த கோப்புறைகளில் அனுமதி எழுதப்பட்டிருப்பது ஆளின் பெயருக்கு அல்ல, இந்த எண்ணுக்கு. புதிய டொமைனில் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் எண் புதிது. அதனால் அவருக்குப் பழைய கோப்புகள் திறக்காது. மைக்ரோசாஃப்டின் ஏடிஎம்டி கருவி, பழைய எண்ணைப் புதிய கணக்கின் எஸ்ஐடி ஹிஸ்டரியில் சேர்த்துக் கொண்டுபோகும். ஆனால் டொமைன்களுக்கு நடுவே போடும் டிரஸ்டில் (ஒன்று மற்றதன் கணக்குகளை நம்பி ஏற்கும் ஏற்பாடு) எஸ்ஐடி வடிகட்டல், அதாவது வேறு டொமைனின் எண்களை நீக்கிவிடும் பாதுகாப்பு, இருந்தால் அது வேலை செய்யாது. மாற்றம் நடக்கும் காலத்துக்கு மட்டும் அதைத் தளர்த்துங்கள். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். திறந்தே விட்டால் ஒரு டொமைனில் புகுந்தவர் மற்றதற்குள்ளும் வந்துவிட வழி கிடைக்கும்.

கணினியில் இருக்கும் யூசர் புரொஃபைலும் (ஒருவரின் டெஸ்க்டாப், கோப்புகள், அமைப்புகள்) அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இதைக் கவனிக்காவிட்டால் திங்கள் காலை 300 பேருக்கும் காலி டெஸ்க்டாப்தான் தெரியும். எல்லாம் பத்திரமாக அதே டிஸ்கில்தான் இருக்கும், ஆனால் அவர்கள் பயந்துபோவார்கள், அது நியாயம்தான். ஏடிஎம்டியின் செக்யூரிட்டி டிரான்ஸ்லேஷன் பழைய புரொஃபைலைப் புதிய கணக்குக்கு மாற்றித் தரும். அதை முதலில் உங்கள் ஐடி அணியின் கணினிகளில் ஓட்டிப் பாருங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும், இஎஃப்எஸ் என்ற விண்டோஸ் குறியாக்கத்தால் பூட்டிய கோப்புகளும் பழைய கணக்கின் சாவியோடு பிணைந்தவை. அவற்றை முன்கூட்டியே திறந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்லி ஊழியர்களிடம் இரண்டு முறையாவது சொல்லுங்கள்.

யார் யாருடன் போக வேண்டும் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். 300 பெட்டிகளையும் ஒரே இரவில் முடிப்பதைவிட, 10 பேர் கொண்ட சோதனைக் குழு, பிறகு இரண்டு மூன்று பெரிய குழுக்கள் என்று போவதையே நான் விரும்புவேன். அப்படிப் போகும்போது ஒரு மேலாளரும் அவருடைய காலண்டரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம் என்றானால் அந்த அனுமதிகள் பெரும்பாலும் அறுந்துவிடும். யாருக்கு எந்தப் பெட்டியில் அனுமதி என்ற பட்டியலை சர்வரிலிருந்து எடுத்தபின், அதோடு நிற்காமல் துறைத் தலைவர்களிடமும் போய்க் கேளுங்கள். தாளில் இல்லாத ஏற்பாடுகள் அங்கேதான் தெரியவரும்.

எம்எக்ஸ் பதிவை (உங்கள் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் சொல்லும் பதிவு) மாற்றுவதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், இப்போது 86400 நொடி என்றால், மாற்றுவதற்கு ஒரு நாளுக்கும் முன்பே அதை 300 ஆக்கிவிடுங்கள். புதிய சர்வர் ஒரு மணி நேரம் பதில் சொல்லாமல் போனாலும் மெயில் தொலையாது. அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதிகளே குறைந்தது நான்கைந்து நாள் முயலச் சொல்கின்றன. உண்மையான ஆபத்து, சர்வர் உயிரோடு இருந்து, முகவரி மட்டும் அங்கே இல்லாமல் இருப்பது. அப்போது 550 என்ற பிழை எண்ணோடு ஒரே அடியாக மறுத்துவிடும், மறுமுயற்சியே கிடையாது. அதனால் எம்எக்ஸைத் தொடுவதற்கு முன் எல்லா முகவரிகளும், துணை முகவரிகளும், குழு முகவரிகளும் புதிய பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே முகவரி டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பகிரும் நாட்களில் அதை ‘இன்டர்னல் ரிலே’ என்று வைத்தால், இங்கே இல்லாதவருக்கு வந்த மெயிலை அங்கே தள்ளிவிடும்.

எந்த சர்வர்கள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய சர்வரையும் புதியதையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டு பதிவு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரு பதிவுக்குப் பத்து டிஎன்எஸ் தேடல்தான் வரம்பு, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். மெயிலில் கையொப்பமிடும் டிகேஐஎம் சுலபம்: புதிய செலக்டர் (சாவியின் பெயர்) ஒன்றைச் சேர்த்தால் போதும், பழையதும் பக்கத்திலேயே இருக்கலாம்.

கடைசியாக, பழைய சர்வரை அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். ஸ்கேனர், கணக்கு மென்பொருள், பேக்கப் எச்சரிக்கை, வாசல் கதவின் கார்டு கருவி என்று ஆள் இல்லாமல் மெயில் அனுப்பும் எத்தனையோ பொருட்கள் பழைய ஐபி முகவரியையே நம்பியிருக்கும். அவற்றின் பட்டியல் முழுமையாக எந்த நிறுவனத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. பழைய சர்வரின் எஸ்எம்டிபி லாகை ஓடவிட்டு, இன்னும் எந்த ஐபியிலிருந்து இணைப்பு வருகிறது என்று தினமும் பாருங்கள், ஒவ்வொன்றாகத் திருப்பிவிடுங்கள். சில கருவிகள் மாதக் கடைசியில் ஒரே ஒருமுறைதான் அறிக்கை அனுப்பும். அதனால் ஒரு முழு மாதக் கணக்கு முடிப்பாவது கடந்துபோகட்டும்.