கேட்டவருக்கு, கேட்ட அளவு

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்துக் குடும்பம். போய் ஜெபிக்க ஆசை, தப்பாக நினைப்பார்களோ?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் போய்ப் பாருங்கள். ராத்திரி துணைக்கு இருப்பவருக்கு நாலு இட்லி கட்டிக்கொண்டு போங்கள். ஜெபம் அப்புறம்.

ஜெபிக்கலாமா என்பதைக் கட்டிலருகே கேட்காதீர்கள். படுத்திருப்பவரால் எழுந்து போகவும் முடியாது, முகத்துக்கு நேரே மறுக்கவும் கூச்சம். வராந்தாவில் மகனிடம் கேளுங்கள்: "அம்மாவுக்காக வேண்டிக்கலாமா? இங்கயா, இல்ல நான் வீட்டுக்குப் போய் வேண்டிக்கட்டுமா?" அந்த இரண்டாவது வழி முக்கியம். "வீட்லயே வேண்டிக்கோங்க" என்று சங்கடமில்லாமல் அவர் சொல்லிவிடலாம்.

இங்கேயே என்றால் அரை நிமிடம் போதும். அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். நாளைக்கு ஆபரேஷன் என்றால் அதைச் சொல்லி வேண்டுங்கள். வீட்டில் பேசுகிற தமிழே போதும். 'சத்துருவின் கிரியைகள்', 'கட்டுகள் அறுபடட்டும்' என்பதெல்லாம் சபைக்குப் பழகிய காதுக்குத்தான்; கேட்டறியாதவர்கள் யாரோ செய்வினை வைத்ததாகச் சொல்கிறீர்கள் என்று பயந்துபோவார்கள். தலையில் கை வைப்பதும் கேட்டுத்தான். "கண்டிப்பா சுகமாயிடும்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் "அம்மா சாப்பிடுறாங்களா?" என்று விசாரிக்க மறந்துவிடுகிறோம். விசாரித்து, அவராகவே "அன்னைக்கு யார்கிட்ட, என்னன்னு வேண்டினீங்க?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லி நிறுத்துங்கள். மேலும் வேண்டுமென்றால் அவரே கேட்பார். பைபிளில் 1 பேதுரு 3:15-இல், நம் நம்பிக்கையைப் பற்றிப் பதில் சொல்ல 'எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்' என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதே வசனத்தில் இருக்கும் 'விசாரித்துக் கேட்கிற', 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' இரண்டும் வசதியாக மறந்துவிடுகின்றன.

அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரா? அப்படியானால் இந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே வேண்டாம். லீவும் இன்கிரிமென்டும் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, அவர் சொல்கிற "சரி" எந்தச் சரி என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: தோழி பைபிள் படித்துப் பார்க்கக் கேட்கிறாள். எதைக் கொடுப்பது?
- வாசகி, மதுரை

பதில்: முழு வேதாகமத்தைக் கொடுத்தால் ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் மூடி வைத்துவிடுவார். புதிய ஏற்பாடு மட்டும் என்றாலும் மத்தேயுவின் முதல் 17 வசனங்கள் வம்ச அட்டவணை. மாற்குவைக் கொடுங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. 16 அதிகாரம், நாளைக்கு ஒன்று என்றால் பதினாறு நாள். முதல் அதிகாரத்திலேயே காய்ச்சலில் கிடக்கிற ஒரு மாமியார் வருகிறார். ஊரும் வீடும் கண்ணுக்குத் தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பு நமக்கு இனிக்கும், புதியவருக்குத் தடுக்கும். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எளிது. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: அதில் 'திருமுழுக்கு' என்று இருப்பதைத்தான் உங்கள் சபையில் 'ஞானஸ்நானம்' என்கிறார்கள். படித்தபின் பரீட்சை வைக்காதீர்கள். "எது புரியல, எது பிடிக்கல?" என்று கேளுங்கள். பிடிக்காததைச் சொன்னால் உடனே வக்காலத்து வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் வசனம் போடுகிறேன். யாரும் பதிலே போடுவதில்லை.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: மியூட் செய்திருப்பார்கள். அது கல்யாணமும் கருமாதியும் தெரிந்துகொள்ள வைத்திருக்கிற குரூப், நிறுத்திவிடுங்கள். ஸ்டேட்டஸில் போடுங்கள், விரும்புகிறவர் திறந்து பார்க்கட்டும்.