வேல்ஸ் நாட்டின் குறுகிய பாதை ரயிலை மாதிரியாகச் செய்ய எந்தப் புத்தகம் வாங்கலாம்? யூடியூப் வீடியோக்களே போதாதா?

போதாது.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள், கையில் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் (இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது) கொஞ்சம் இருக்கிறது, அடுத்த காசை எஞ்சினில் போடுவதா புத்தகத்தில் போடுவதா என்று தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் போடுங்கள். நானும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பவன்தான். அவற்றைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் கேமராக்காரர் நின்ற பக்கம் மட்டும்தான் வீடியோவில் தெரியும். ரயிலுக்கு மறுபக்கமும் உண்டு.

எல்லா ரயில்களையும் சேர்த்துப்போட்ட வண்ணப்பட ஆல்பம் வேண்டாம். ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அளவு வரைபடங்கள் உள்ள புத்தகமாகப் பாருங்கள். என் பரிந்துரை வேல்ஸின் டாலிலின் ரயில். காரணம், வெறும் கணக்கு. நம்மில் பலர் வேலை செய்வது நிஜத்தின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர் என்ற அளவில். டாலிலின் பாதையின் அகலம் 2 அடி 3 அங்குலம். நாலால் பெருக்கினால் சரியாக 9 மில்லிமீட்டர். பக்கத்துப் பள்ளத்தாக்கின் கோரிஸ் பாதைக்கும் இதே அளவுதான். புகழ்பெற்ற ஃபெஸ்டினியாக் 1 அடி 11½ அங்குலம். அதற்கு 9 மில்லிமீட்டர் கூடுதல். வெல்ஷ்பூல்–லான்வைர் 2 அடி 6 அங்குலம், அதற்குக் குறைவு. இதையெல்லாம் பொருட்படுத்தாமல் அருமையாகச் செய்தவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. எனக்குக் கண்ணை உறுத்தும், அவ்வளவே.

ரயில் வரலாற்றாசிரியர் ஜே.ஐ.சி. பாய்ட் 1952இல் மத்திய வேல்ஸின் குறுகிய பாதைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1988இல் டாலிலினுக்கென்றே தனியாக ஒன்று. இரண்டாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

புத்தகத்துக்காக ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்பதற்கு ஒரு கதை. நண்பர்கள் கூடிய ஒரு சந்திப்பில் என் டாலிலின் மாதிரியை வைத்திருந்தேன். மூத்தவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "தம்பி, பெட்டிக்கு இந்தப் பக்கம் கதவே வைக்கவில்லையே? பாலத்துக்கு அடியில் தண்டவாளமும் ஓரமாகப் போகிறதே?" என்றார், மிகுந்த இரக்கத்தோடு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

1866இல் பாதையைப் பார்வையிட வந்த அரசு ஆய்வாளர் கேப்டன் டைலர், சாலைப் பாலங்களின் உள் அகலம் 9 அடி 1 அங்குலம்தான் என்று கண்டார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கதவைத் திறந்து இறங்கப் போதிய இடமில்லை. பாலங்களை இடித்துக் கட்டாமலே வழி கண்டார்கள்: அடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள், இடுக்கான பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்தார்கள். இன்றும் அங்கே பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு. என் மாதிரியில் பாலத்தின் உள் அகலம் 36 மில்லிமீட்டர். பெட்டியை உள்ளே நிறுத்தினால் ஒரு பக்கம் பென்சில் தாராளமாக நுழையும், மறுபக்கம் நுழையாது.

பெரியவர் நிதானமாகப் படித்து முடித்து, "அச்சுப் பிழையாக இருக்கும்" என்றார்.

அந்தச் சந்திப்பே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் நடந்திருக்க வேண்டியது. விளையாட்டுச் சாமான்களுக்கெல்லாம் கூடம் தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். சேலை விற்பனைக்குத் தருவார்கள், பிறந்தநாள் கச்சேரிக்குத் தருவார்கள். பராமரிப்புக் கட்டணம் வாங்கும்போது மட்டும் நான் உறுப்பினர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஊட்டி ரயில் இருக்க, வேல்ஸ் எதற்கு?" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு: கேட்டவர் வேல்ஸைப் பற்றித்தான் கேட்டார். பல்சக்கர ரயில்தான் வேண்டுமென்றால் அங்கேயும் 1896இல் திறந்த ஸ்னோடன் மலை ரயில் இருக்கிறது. ஊட்டியைப் போலவே ஆப்ட் முறைப் பற்பாதை, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் கவ்வ நடுவே பற்கள் உள்ள பட்டைகள். அதன் நீராவி எஞ்சின்களும், ஊட்டியின் பல எஞ்சின்களைப் போலவே, ஸ்விஸ் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை.

கூடவே எல்.டி.சி. ரோல்ட் 1953இல் எழுதிய 'ரெயில்வே அட்வென்ச்சர்' வாங்குங்கள். 1951இல் தன்னார்வலர்கள் டாலிலினை ஏற்று நடத்தத் தொடங்கியபோது மேலாளராக இருந்தவர் அவர். மூடிப்போன கோரிஸிலிருந்து வாங்கிய 3ஆம் எண் எஞ்சின் அப்போது அடிக்கடி தடம் புரண்டது. பார்த்தால், டாலிலின் தண்டவாளமே சொன்ன அளவைவிட ஏறக்குறைய அரை அங்குலம் அகலம்! சக்கரப் பட்டை (தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பு) அகலமான பழைய எஞ்சின்கள் சமாளித்தன. இதற்குப் பட்டை குறுகல். அப்படியானால் உன் 9 மில்லிமீட்டர் பெருமை என்ன ஆனது என்று மடக்க வேண்டாம். அரை அங்குலம் நம் அளவில் 0.17 மில்லிமீட்டர்தான்.

பழைய பிரதி வாங்கினால், மடித்து வைத்த வரைபடத் தாள்கள் உள்ளே இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேட்டு, அவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பு வைத்திருந்தவரும் நம்மைப் போன்றவராக இருந்தால் அவற்றைப் பிரித்து எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்.